வடை சுட்ட எண்ணெய்

சாட்ஸ்வர்த்தில் சுவர்கள் மெல்லியவை.
ஒரு வீட்டில் தும்மினால்
அடுத்த வீட்டிலிருந்து நூறாயுசு என்பார்கள்.
அதனால் தொகையை நான் வாயால் சொல்வதில்லை.
தவணை அட்டையின் பின்பக்கம் பென்சிலால் எழுதி
மேசைமேல் திருப்பி வைப்பேன்.

கம்பெனி வேனைக் கோயிலுக்குப் பின்னால் நிறுத்துவேன்.
அதன் பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில் கடையின் பெயர்.
ஒரு வாசலில் அது நின்றால் போதும்,
அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணப் பேச்சும் நின்றுவிடும்.

புரட்டாசிச் சனிக்குப் போகமாட்டேன்.
பதினாறு முடியாத வீட்டுக்குப் போகமாட்டேன்.
"பிறகு எப்போதுதான் போவாய்?" என்பார்
மேனேஜர் லெஸ்லி வாண்டையார்.
சம்பளம் வந்ததற்கு மறுநாள் காலை, ஐயா,
மளிகைக் கடைக்காரனுக்குப் பின்னால்,
சாராயக் கடைக்காரனுக்கு முன்னால்.
கதவை இரண்டு முறை தட்டுவேன்.
மூன்றாவது தட்டு போலீஸுடையது.

செருப்புத் தொழிற்சாலை மூடிய வருஷம்
நீலவேணி பத்தரின் அட்டையில்
பதினேழு முத்திரைக்குப் பிறகு ஐந்து கட்டம் வெறுமை.
மூன்று கதவு அலமாரி,
நடுவில் மாடம், மாடத்துக்கு மேல் கண்ணாடி.
கோர்ட் காகிதம் வந்துவிட்டது.
அன்று லாரி. லாரியை எங்கே ஒளிப்பது?

துணிகளை அவள் எடுக்கும்வரை
டிரைவர் பெக்கானியும் நானும்
சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம்.
அவளுடைய துணி, அவள் புருஷனுடையது,
யாரும் பார்க்க வேண்டாத துணி.

"ஆச்சு," என்றாள்.
"மாடத்தில் விளக்கு மட்டும் எரியுது."

ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.
அந்தச் சொல்லை விளக்குக்குச் சொல்ல
என் வாய் பழகவில்லை.
"மலையேறட்டும்," என்றேன்.
"வெளியே இருக்கிறோம்."

பெக்கானிக்கு எனக்குத் தெரிந்த ஜூலுவில் விளக்கினேன்:
தீ மலைக்குப் போகிறது, போனபின் தூக்கலாம்.
எந்த மலை என்று கேட்டான்.
தெரியாது என்றேன். யோசித்துப் பார்த்தால்
இன்றுவரை தெரியாது.

மூன்று மணி.
மூன்றரை. அவள் தேநீர் கொண்டுவந்தாள்,
இரண்டு கோப்பையும் ஒரே மாதிரிக் கோப்பை,
பெக்கானிக்குத் தனித் தகரக் குவளை இல்லை.
நான்கு மணி. ஜன்னல் வழியாக
வடை வாசம் வந்தது. வடை வரவில்லை.
திரும்பிப் பார்த்தேன்:
வாணலியை இரு கையால் சாய்த்து,
விளக்கின் குழியில்
பழைய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக
விட்டுக்கொண்டிருந்தாள்.
சாமிக்கு ஆகாத எண்ணெய்.

பெக்கானியும் பார்த்தான்.
வானொலியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தான்.

ஐந்துக்குக் கிடங்கு மூடுவார்கள்.
"பொருள் எடுக்கப்படவில்லை. காரணம்:"
அதற்குப் பக்கத்தில் மூன்று அங்குலக் கோடு.
"விளக்கு" என்று எழுதினேன். இடம் மிச்சம் இருந்தது.

வாண்டையார் படித்தார். பேனாவை மூடினார்.
அவர் வீட்டிலும் ஆறு மணிக்கு யாரோ ஏற்றுகிறார்கள்.
செவ்வாய்க்கிழமை வேறொருவனை அனுப்பினார்.
பதினொரு நிமிஷத்தில் முடித்தான் என்று கேள்வி.

அலமாரி போன பிறகும் கணக்கில் பாக்கி,
நூற்று நாற்பது ரேண்ட்.
மாதம் பத்தாக அவளே கடைக்கு வந்தாள்.
வேறு மேசைகள் காலியாக இருந்தாலும்
என் வரிசையில்தான் நிற்பாள்.
நோட்டைக் கசக்கித் திணிக்காமல்
நீவி, முகம் மேலே தெரிய வைப்பாள்.

கடைசித் தவணை அன்று சொன்னாள்:
"அன்னிக்கு உங்க ரெண்டு பேருக்கும்
வடை கொடுத்திருக்கணும். மாவு இல்லை.
எண்ணெய்தான் இருந்தது."

ரசீதில் தேதி போட்டுக் கொடுத்தேன்.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு,
எண்ணால் எழுதியதையும் எழுத்தால் எழுதியதையும்
ஒப்பிட்டு, விரல் வைத்துப் படித்தாள்.

பின்னால் ஐந்து பேர் வரிசையில்.
நான் காத்திருந்தேன்.